தார்ப்பாயின் அந்தப் பக்கம்

…அதுவும் பையை மடியிலேயே வைத்துக்கொண்டு வருகிறாரே, வேனில் பின்னால் அவ்வளவு இடம் கிடக்கும்போது, மற்றவர்கள் பையெல்லாம் அங்கே ஒன்றன்மேல் ஒன்றாக உருண்டு கிடக்கும்போது, பல் டாக்டருக்கு மட்டும் அப்படி என்ன… என்று யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் மூக்குக்கண்ணாடிக்கடைக்காரருக்குத் தன் பையும் தன் மடியில்தான் இருக்கிறது என்பது உறைத்தது, ஆனால் அது வேறு விஷயம், தன் பையை மடியில் வைத்துக்கொள்ளத் தனக்குக் காரணம் இருக்கிறது, அந்தக் காரணம் செய்தித்தாளில் சுற்றி, அதன்மேல் பழைய பனியனில் சுற்றி, பைக்குள் அடியில் உள்ளங்கை அகலத்துக்குக் கனத்துக்கொண்டு கிடக்கிறது. டாக்டர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தார். வெளியே என்ன இருக்கிறது பார்க்க, லாரிகள் கிளப்பிய வெள்ளைத் தூசும் தூசு படிந்த செடிகளும்தானே. தன்னைப் பார்க்காமல் இருப்பதற்காக அதைப் பார்க்கிறார். இத்தனை வருடமாய்ப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வருகிற மனிதர், ஏறியதிலிருந்து இறங்கும்வரை வாய் ஓயாதவர், யாருடைய கடைவாய்ப் பல்லை எப்படிப் பிடுங்கினேன் என்று கேட்கிறவன் தாடை வலிக்கும்வரை சொல்லுகிறவர், இன்று ஒரு பல்லைக்கூடப் பிடுங்கவில்லை. என்ன டாக்டர், உடம்பு சரியில்லையா என்று கேட்டதற்கு, "ஒண்ணுமில்லய்யா கண்ணாடி, ராத்திரி தூக்கமில்ல" என்றார். தூக்கமில்லையாம். எப்படி வரும்.

முன்னால் பூகோள டீச்சர், வேலையிலிருந்து ஓய்வு பெற்றும் குரல் ஓய்வு பெறாதவர், ஓட்டுகிறவருக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தார். ஓட்டுகிறவரும் அவர் பக்கத்தில் இருந்தவரும் அச்சகம் வைத்திருக்கிற மச்சான்கள், ஒருவர் தங்கையை மற்றவர் கட்டியதிலிருந்து இன்றுவரை ஒரு விஷயத்திலும் ஒத்துப்போகாதவர்கள், கல் பொறுக்குவது ஒன்றைத் தவிர. இவ்வளவுதான் கூட்டம். வீட்டில் இருப்பவர்கள் இவர்களைப் புதைபடிவம் தேடிகள் என்றா சொல்கிறார்கள், கல் பொறுக்கிகள் என்கிறார்கள், சொல்லட்டும். மாதத்தில் ஒரு ஞாயிறு, சுண்ணாம்புக்கல் குவாரியில் வேலை நிற்கிற நாளாகப் பார்த்து, சுத்தியலும் உளியுமாகப் போய், கடல் இருந்த இடத்தில் கடல் போனபின் கல்லாகிக் கிடக்கிற சிப்பியையும் நண்டையும் மீனையும் தேடுவது. நாள் முழுக்க அடுத்தவர் கண்ணுக்கு வேலை செய்கிறவருக்குத் தன் கண்ணுக்கென்று இருந்தது இந்த ஒரு ஞாயிறுதான், அதையும் ஒருத்தர் கெடுத்துவிட்டார், அதுவும் யார், தன் மகள் கல்யாணத்தில் வாசலில் நின்று வந்தவர்களை வரவேற்ற மனிதர்.

கெடுத்தது போன மாதம். குவாரியின் மேல்படியில் நின்று உருண்டைக் கல் ஒன்றைக் கண்ணாடிக்கடைக்காரர் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார், கல் சொன்ன பேச்சைக் கேட்டு இரண்டாய்ப் பிளந்தது, ஆனால் ஒரு பாதிதான் கையில் நின்றது, மற்றது துள்ளிச் சரிவில் உருண்டு கீழே போய்விட்டது. கையில் நின்றதில் சுருள், வட்டத்துக்குள் வட்டமாய்ச் சுருண்ட சிப்பியின் அச்சு, குழிவாக. குழிவு என்றால் என்ன பொருள், சிப்பி மற்றப் பாதியில் மேடாக உட்கார்ந்திருக்கிறது என்று பொருள், இரண்டு உள்ளங்கையைச் சேர்த்து வைத்ததுபோல ஒன்றுக்கொன்று ஜோடி. அதுவும் சாதாரணச் சிப்பியா, வெளி வட்டத்தின் வரிகள் ஓரிடத்தில் முறிந்து, கோணலாகி, மறுபடி ஒழுங்காக வளர்ந்திருந்தன, உயிரோடு இருந்தபோது ஏதோ ஒன்று கடித்திருக்கிறது, கடிபட்டும் பிழைத்திருக்கிறது, இப்படி ஒன்றை வாழ்நாளில் பார்த்ததில்லை. சரிவில் இறங்கித் தேடினார், இருட்டும்வரை தேடினார், கிடைக்கவில்லை. சரிவின் அடியில் அப்போது யார் உட்கார்ந்திருந்தது? டாக்டர். என்ன தேடுற என்றுகூட அவர் கேட்கவில்லை. அப்போது அது தோன்றவில்லை, தோன்றியது பிறகு.

இதில் ஒரு சிக்கல் இருந்தது, அதை அவர் சிக்கல் என்று ஒப்புக்கொள்வதில்லை, ஆனாலும் இருந்தது. இவர்களுக்குள் விரிப்பு என்று ஒரு வழக்கம். கிளம்புமுன் தார்ப்பாயை விரித்து, அவரவர் பையைக் கவிழ்த்து, எடுத்ததையெல்லாம் எல்லார் கண்ணிலும் படவைக்க வேண்டும். எடுத்தது எடுத்தவருக்குத்தான், யாரும் பிடுங்கிக்கொள்ள மாட்டார்கள், ஆனால் காட்டியாக வேண்டும். ஒரு வக்கீல் இருந்தார், சுறாப் பல் ஒன்றைக் காலுறைக்குள் வைத்துக்கொண்டு கால் விந்தி விந்தி வேன் ஏறினார், அதோடு சரி, அடுத்த ஞாயிறு வேன் அவர் தெருவுக்குப் போகவில்லை, இன்றும் கடைத்தெருவில் எதிரே வந்தால் டீச்சர் கடைப் பெயர்ப்பலகைகளைப் படிக்க ஆரம்பித்துவிடுவார். அப்படிப்பட்ட விரிப்பில் போன மாதம் கண்ணாடிக்கடைக்காரர் தன் பாதியை வைக்கவில்லை. ஒளிக்கவில்லை, வைக்கவில்லை, இரண்டும் ஒன்றா? ஜோடி கிடைத்ததும் சேர்த்து வைக்கலாம் என்றுதான், பாதியைக் காட்டினால் மறுநாளே ஆளாளுக்குச் சரிவில் இறங்கி மற்றப் பாதியைத் தேடமாட்டார்களா… அப்படியே சட்டைக்குள் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். அன்று கால் விந்தவில்லை.

இதுவும் ஒருவாறு அடங்கியிருக்கும், அந்தப் படம் வராமல் இருந்திருந்தால். மூன்று வாரம் முன்பு, கடையில் ஒருவருக்குக் கண்ணாடிச் சட்டம் சரிசெய்துகொண்டிருந்தபோது, குழுவின் வாட்ஸப்பில் டாக்டரிடமிருந்து ஒரு படம் வந்து விழுந்தது, வெள்ளைத் துண்டின்மேல் ஒரு சுருள், மேடாக, முழுதாக, வெளி வட்டத்தில் அதே முறிவு, அதே கோணல். நல்லவேளை, உடனே திரையைப் படமெடுத்து வைத்துக்கொண்டார், ஏனென்றால் அடுத்து பார்க்கும்போது படம் இல்லை, அழித்துவிட்டார், ஏதோ தவறி வந்துவிட்டது என்று ஒரு வார்த்தையும் இல்லை. தவறித்தான் வந்திருக்கும், யாருக்கோ பெருமையடித்துக்கொள்ள அனுப்பியது கைதவறி இங்கே விழுந்திருக்கும். அந்த வெள்ளைத் துண்டின் ஓரத்தில் நீலக்கரைகூடத் தெரிகிறது, கிளினிக்கில் நோயாளிகள் கழுத்தில் கட்டுகிற துண்டாக இருக்கும். என் சிப்பிக்குத் துண்டு கட்டிப் படமெடுத்திருக்கிறார். சரி, கேட்டுவிடலாம் என்றால், எதை வைத்துக் கேட்பது, உன்னிடம் இருப்பது என் கல்லின் ஜோடி என்றால், உன் கல்லா, அது எங்கே, விரிப்பில் பார்க்கவில்லையே என்பார். அவரைப் பிடிக்கத் தன்னைக் காட்டிக்கொடுக்க வேண்டும். இந்த மூன்று வாரமும் அவர் ஒழுங்காகச் சாப்பிடவில்லை, ஒருவருக்கு இடக்கண் வில்லையை வலப்பக்கம் பொருத்திக் கொடுத்துவிட்டார், இந்தத் தொழிலுக்கு வந்தபின் முதல்முறையாக.

முடிவு செய்துவிட்டார், இன்று விரிப்பில் பாதியை எடுத்து வைத்துவிடுவது. போன மாதம் எடுத்தது என்று யார் கண்டார்கள், இன்று எடுத்தேன் என்று சொல்லலாம்… சொல்லிவிட்டு டாக்டர் முகத்தைப் பார்க்க வேண்டும், முகம் வெளுத்தால் போதும், பிறகு போனில் படத்தைத் திறந்து பக்கத்தில் வைத்தால் குட்டு உடைந்தது. அதன்பிறகு? அதன்பிறகு வேன் ஒருவர் தெருவுக்குப் போகாது. அது எவர் தெரு என்பதுதான் இன்று தெரிய வேண்டியது, என்று நினைத்தபோது வேன் பள்ளத்தில் இறங்கி ஏறியது, பையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

குவாரிக்குள் இறங்கியதும் எல்லாரும் வழக்கம்போல ஆளுக்கொரு பக்கம் போனார்கள், டாக்டர் எந்தப் பக்கம் போகிறார் என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார், அவர் நேரே அந்தச் சரிவின் அடிக்குப் போனார். இருக்கிற குவாரியை விட்டுவிட்டு அங்கே என்ன வேலை, எடுத்தவருக்கு மறுபடி எடுக்க அங்கே என்ன இருக்கிறது… ஓ, மற்றப் பாதி. அவரிடம் மேடு இருக்கிறது, குழிவு எங்கே என்று தேடுகிறார், பேராசைதான். டாக்டர் மண்டிபோட்டு உட்கார்ந்து ஒவ்வொரு கல்லாய் எடுத்துத் திருப்பிப் பார்த்துத் தள்ளி வைத்தார், தள்ளி வைத்ததை மறுபடி எடுத்துப் பார்த்தார், பல்லுக்குள் குத்துகிற கொக்கியால் மண்ணைச் சுரண்டினார், ஒரு சுத்தியலடிகூட இல்லை. கண்ணாடிக்கடைக்காரர் மேல்படியில் உட்கார்ந்து ஏதோ ஒரு கல்லைத் தட்டிக்கொண்டே இருந்தார், அது எப்போதோ தூளாகிவிட்டிருந்தது. வெயில் ஏறியது, வெள்ளைச் சுவர் கண்ணைக் கூசவைத்தது. டீச்சர் ஏறி வந்தார், ஏதாவது கிடைத்ததா என்று கேட்டார், இல்லை என்றார், "பை கனமா இருக்கே. எறக்கி வெக்கலாமே" என்றார் டீச்சர். என்ன அர்த்தம்? பையை வெறுமனே பார்த்தால் கனம் தெரியுமா? தண்ணீர் பாட்டில் என்றார். டீச்சர் தலையாட்டினார், வகுப்பில் வீட்டுப்பாடம் வீட்டில் இருக்கிறது என்று சொல்கிற பையனுக்கு ஆட்டுகிற தலை அது. அப்படியென்றால் டீச்சரும் கூட்டா? கீழே மச்சான்கள் இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள், சண்டை போடாமல் பேசிக்கொண்டிருந்தார்கள், அதுவே சரியில்லை, அவர் இறங்கிப் பக்கத்தில் போனதும் பேச்சு நின்றது. "வெயில் சாஸ்தி" என்றார் ஒரு மச்சான். "ஆமா, சாஸ்தி" என்றார் மற்றவர். இருவரும் ஒத்துப்போனதை அவர் அன்றுதான் பார்த்தார்.

சாப்பிடும் நேரத்தில் எல்லாரும் ஒரு பெரிய பாறையின் நிழலில் உட்கார்ந்தார்கள், ரொட்டியும் வேகவைத்த முட்டையும், மனைவி கட்டிக் கொடுத்தது, வழக்கமாக ஒரு முட்டை வைப்பவள் இன்று இரண்டு வைத்திருந்தாள். ஏன் இரண்டு? காலையில் வாசல்வரை வந்து, பத்திரமா போய்ட்டு வாங்க என்று வேறு சொன்னாள், என்றைக்குச் சொன்னாள் அப்படி. தூக்கம் வரலையா என்று இந்த மாதத்தில் எத்தனையோ தடவை கேட்டுவிட்டாள், ஒவ்வொரு தடவையும் கடைக் கணக்கு என்று சொல்லியிருந்தார். அவளிடம் சொல்லியிருக்கலாம்தான், ஆனால் அவள் வாயில் எதுவும்… இல்லை, அவள் வாயில் எல்லாமே நிற்கும், அதுதான் பயம், என்ன நினைக்கிறாள் என்று முகத்தைப் பார்த்துச் சொல்லவே முடியாது. கல் இருந்தது மாடி அறையில், மேசை இழுப்பறையில். அந்த மேசை அவள் கல்யாணத்துக்கு முன் படித்த மேசை, மாமனார் வீட்டிலிருந்து வந்தது, அதில் மட்டும்தான் நல்ல பூட்டு. சாவி எப்போதும் அவர் சட்டைப்பையில்.

டாக்டர் கைகழுவ எழுந்து போனார். பை பாறையோரம் கிடந்தது. டீச்சர் கண்மூடிச் சாய்ந்திருந்தார், மச்சான்கள் வேனுக்குப் போயிருந்தார்கள். இவ்வளவு நாள் பழகிய மனிதரின் பையில் கைவிடுவதா என்று ஒரு பக்கம் மனம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கை போய்விட்டது, கை என்பது எப்போதும் மனத்துக்கு முன்னால் போகிறது, கொக்கிகள், பல்துலக்கும் தூரிகை, பசை, சுருட்டிய துண்டு… துண்டை வெளியே இழுத்தார், பச்சை. பச்சைத் துண்டு. கல் ஒன்றும் இல்லை, அடியில் ஒரு கண்ணாடிக்கூடு, தன் கடைப் பெயர் போட்டது, டாக்டருக்கு முதன்முதலில் வெள்ளெழுத்து வந்தபோது தானே கொடுத்தது, விளிம்பெல்லாம் தேய்ந்து, இன்னும் வைத்திருக்கிறார். அதைக் கையில் வைத்துக்கொண்டிருந்தபோது நிழல் விழுந்தது. டாக்டர் நின்றிருந்தார், கை ஈரம் சொட்டியது. டாக்டர் பையைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், "தண்ணியா? அந்தப் பையில இருக்கு, எடுத்துக்கய்யா" என்று சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து முட்டையை உரிக்க ஆரம்பித்தார். கோபப்படவில்லை. கோபப்படாத மனிதரை எப்படி நம்புவது, தன் பையில் எவனாவது கைவிட்டிருந்தால் தான் இந்த மலையையே புரட்டியிருக்கமாட்டாரா. கோபப்பட்டால் பேச்சு வளரும், பேச்சு வளர்ந்தால் கல் வெளியே வரும், அதனால்தான் அடக்கிக்கொள்கிறார், கைகாரர், கல்லை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருக்கிறார்.

மறுபடியும் டாக்டர் அதே சரிவுக்குப் போனார். நிழல் நீளும்வரை அங்கேயேதான் இருந்தார். பிறகு டீச்சர் விசிலடித்தார், மச்சான்கள் தார்ப்பாயை உதறி விரித்து நாலு மூலையிலும் கல் வைத்தார்கள், எல்லாரும் பையைக் கொண்டுவந்தார்கள். டீச்சர் ஒரு நண்டின் கால் வைத்தார். மச்சான்கள் ஒரே சிப்பியைத் தான்தான் முதலில் பார்த்தேன் என்று இருவருமாக வைத்தார்கள். டாக்டர் பையைக் கவிழ்த்தார், கொக்கிகளும் பசையும் கண்ணாடிக்கூடும்தான் விழுந்தன. "எனக்கு இன்னிக்கு ஒண்ணும் கிடைக்கல" என்றார். எல்லாரும் தார்ப்பாயின் அந்தப் பக்கம் வரிசையாக நின்றிருந்தார்கள், இந்தப் பக்கம் கண்ணாடிக்கடைக்காரர் மட்டும், அது எப்படி அப்படி அமைந்தது என்று அவர் யோசித்தார், தான்தான் வந்து இங்கே நின்றோமா, அவர்கள் அங்கே போய்விட்டார்களா. இன்று எடுத்தேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார், ஆனால் பனியனைப் பிரித்து, செய்தித்தாளைப் பிரித்து, கல்லைத் தார்ப்பாயில் வைத்ததும் அந்தப் பொய் எங்கோ போய்விட்டது, போனைத் திறந்து படத்தைக் கல்லுக்குப் பக்கத்தில் வைத்தார், "இதோட ஜோடி யார்கிட்ட இருக்குன்னு எனக்குத் தெரியும்" என்றார், குரல் அவர் நினைத்ததைவிடப் பெரிதாக வந்து குவாரிச் சுவரில் மோதித் திரும்பியது, அந்தப் பேச்சு அவருக்கே நன்றாக இல்லை.

டாக்டர் முகம் வெளுக்கவில்லை. டாக்டர் பெருமூச்சு விட்டார், நாள்பட்ட பல் ஒன்று வந்துவிட்டதைப்போல. டீச்சர் கையை அசைத்தார், "இப்பிடி, எங்க பக்கம் வந்து பாருங்க." எதற்கு? இங்கிருந்தே தெரிகிறதே, கல்லில் குழிவு, படத்தில் மேடு, இதைவிட என்ன வேண்டும். "வாங்க சார்" என்றார் ஒரு மச்சான். அவர் தார்ப்பாயைச் சுற்றிக்கொண்டு போனார், அது சின்னத் தார்ப்பாய்தான், நடந்து மாளவில்லை. அவர்கள் விலகி இடம்விட்டார்கள். குனிந்து பார்த்தார். போன் கிடந்தபடியே கிடந்தது, படம் மட்டும் இப்போது அவருக்குத் தலைகீழ், அதில் இருந்த மேடு உள்ளே போய்விட்டிருந்தது, சுருள் குழிவாக, கல்லில் இருப்பதைப் போலவே குழிவாக. கண்ணைத் தேய்த்துக்கொண்டு பார்த்தார். வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து விழுகிறது என்பதைக் கண் தானாக ஒரு ஊகம் செய்துகொள்ளும், ஊகம் தப்பினால் குழி மேடாகும், இது கண்ணைப் பிழைப்பாகக் கொண்டவருக்குத் தெரியாததா? சரி, அதை விடு, சுருள் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்றாவது பார்த்தோமா, ஜோடி என்றால் எதிர்ப்பக்கம் சுற்ற வேண்டும், இடக்கைக்கு வலக்கைபோல, படத்திலும் கல்லிலும் ஒரே பக்கமாகச் சுற்றுகிறதே, இடமும் வலமும் பார்த்து வில்லை பொருத்துகிற மனிதர் மூன்று வாரமாய் முறிவை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாரே. அது ஜோடி இல்லை. அது இதேதான். படத்தில் இருந்தது அவருடைய பாதி. அந்த நீலக்கரைத் துண்டு… தன் வீட்டு மாடிக் கொடியில் தினமும் காய்கிற துண்டு, தினமும் முகம் துடைக்கிற துண்டு.

வக்கீலின் காலுறை நினைவுக்கு வந்தது. உட்கார்ந்துவிட்டார். டாக்டர் பக்கத்தில் குந்தி, "கீழ பூரா தேடிட்டேன்யா. ஒண்ணையும் விடல. மத்தப் பாதி உடைஞ்சிருக்கும்போல" என்றார், ஏதோ தான் தொலைத்ததைப் போல. அதற்காகத்தானா காலையிலிருந்து… "உங்களுக்கு எப்பத் தெரியும்?" என்று கேட்டார். டாக்டர் டீச்சரைப் பார்த்தார். டீச்சர் நண்டின் காலைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டே, "நீங்களா வெப்பீங்க, யாரும் கேக்கக் கூடாதுன்னு உங்க வீட்ல சொன்னாங்க. நாங்க கேக்கல. வெச்சாச்சில்ல, விடுங்க" என்றார். எல்லாரும் அவசரம் அவசரமாகத் தார்ப்பாயை மடித்தார்கள், மச்சான்கள் எப்படி மடிப்பது என்று சண்டையை ஆரம்பித்துவிட்டார்கள். அப்படியானால் அவள் எடுத்து டாக்டருக்கு அனுப்பிய அந்தப் படம் போகவேண்டிய இடம் வேறு. தான் இல்லாத இன்னொரு குழு இருக்கிறது, அதில் எல்லாரும் இருக்கிறார்கள், நாள் முழுக்க நாலு பேரைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தோமே, அந்த நாலு பேரும் நம்மை ஒரு மாதமாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். டாக்டர் படத்தை அழித்தது தன்னை மறைத்துக்கொள்ள அல்ல. அவமானம் காதுவரை சுட்டது, அதோடு அழுகையும் வந்தது, தூசு என்று துடைத்துக்கொண்டார்.

வேனில் டாக்டர் பையைப் பின்னால் போட்டுவிட்டு ஒரு கிழவியின் ஞானப்பல்லைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார், அவரும் உம் கொட்டினார். வேன் எல்லார் தெருவுக்கும் போகும் என்று தெரிந்துவிட்டது, அது போதும், அது பெரிது. பாதி வழியில் போன் அடித்தது, மனைவி. என்ன சொல்வாள், திட்டுவாளா, சிரிப்பாளா. "வெச்சிட்டீங்களா?" என்றாள். அவர், "ம்" என்றார். "சரி, வாங்க" என்றாள், வைத்துவிட்டாள், அவ்வளவுதான், வேறு ஒன்றும் கேட்கவில்லை, குரலிலிருந்து ஒன்றும் தெரியவில்லை, என்றைக்குத் தெரிந்தது. அவர் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தார், சாவி இருந்தது, எப்போதும் இருப்பது, குளிக்கும்போதுகூடக் கண்ணில் படும்படி வைத்துக்கொள்வது, பிறகு அவள் எப்படி… மாமனார் வீட்டிலிருந்து மேசை வந்த அன்று கைப்பிடியில் ஒரு நூல் கட்டியிருந்தது, அந்த நூலில் சாவி இரண்டு இருந்தன, அவர் ஒன்றை அவிழ்த்துக்கொண்டார். மற்றது எங்கே என்று அவர் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. தனக்குக் கல்யாணமாகி, மகளும் கல்யாணமாகிப் போய்விட்டாள், இத்தனை வருடமும் அந்த இழுப்பறையை அவர் பூட்டிப் பூட்டி வைத்திருக்கிறார், கல் மட்டுமா வைத்தார் அதில்… டாக்டர் தோளைத் தட்டி, "கேக்கறியாய்யா கண்ணாடி" என்றார், கேட்கிறேன் என்றார் அவர், அடுத்த வளைவில் தன் தெரு வந்துவிடும் என்று முதல்முறையாகக் கொஞ்சம் பயந்துகொண்டு.